கசப்பை ஏன் தனியாக விடுகிறீர்கள்?

"டாக்டர், தினமும் காலையில ஒரு டம்ளர் பாகற்காய் ஜூஸ், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிடறேன். அப்புறம் வழக்கம் போல சாப்பிடலாம் இல்லையா?"

என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் பலர் கேட்கும் கேள்வி இது. காலையில் கசப்பை அபராதம் போலக் கட்டிவிட்டால் போதும், மூன்று வேளையும் தட்டு நிறையச் சோறும் இட்லியும் உள்ளே போகலாம் என்று கணக்கு! இவர்களுக்கு நான் இப்போதெல்லாம் ஓர் இத்தாலிய கிராமத்துச் சமையலைப் பற்றிச் சொல்கிறேன். 'சித்த வைத்தியர் இத்தாலிக்குப் போய்விட்டாரே' என்று சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

இத்தாலி நாடு வரைபடத்தில் பூட்ஸ் போல இருக்கும். அதன் குதிகால்தான் பூலியா மாநிலம். அந்த ஊர் ஏழை விவசாயிகளின் சாப்பாட்டில் முட்டை சேர்த்த பாஸ்தா கிடையாது. டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவை, தண்ணீர், அவ்வளவுதான். பிசைந்து, கயிறாகத் திரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, கத்தியால் அழுத்தி இழுத்து, கட்டைவிரலில் கவிழ்த்தால் காது மடல் போல வரும். பெயரே 'ஒரெக்கியெத்தே', அதாவது குட்டிக் காதுகள். பாரி நகரின் பழைய சந்துகளில் பெண்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு இதைச் செய்கிறார்கள்.

இதோடு சேர்வது 'சீமே தி ராப்பா' என்ற குளிர்காலக் கீரை. கடுகு, முள்ளங்கி குடும்பம். இலை, இளந்தண்டு, பூமொட்டு எல்லாமே சேரும். நல்ல கசப்பு!

அங்கே படித்துவிட்டு வந்த என் தம்பி மகள் இதை எங்கள் வீட்டு அடுப்பில் செய்து காட்டினாள். அந்தக் கீரை இங்கே கிடைக்கவில்லை. நாம் குப்பையில் போடும் முள்ளங்கி இலையை எடுத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் கீரை வெந்ததும் அரித்து எடுத்தாள். பழக்க தோஷம், நான் தண்ணீரைக் கொட்டப் போனேன். "பெரியப்பா, கொட்டாதீங்க! அதிலதான் பாஸ்தா வேகணும்" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாம் பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிந்து கொட்டுகிறோம். போதாததற்கு வெல்லம் வேறு! அவர்களோ கசப்பு இறங்கிய தண்ணீரையே மாவுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பிறகு ஆலிவ் எண்ணெயில் பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பில் ஊறிய நெத்திலி. நெத்திலி அதிலேயே கரைந்துவிடும். கீரையையும் பாஸ்தாவையும் போட்டுப் புரட்டி இறக்கவேண்டியதுதான். பாலாடைக்கட்டி வாங்க வசதியில்லாதவர்கள், காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்து மேலே தூவினார்கள்.

சித்த மருத்துவம் கைப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறது. அது பித்தத்தையும் ஐயத்தையும் தணிக்கும். ஆனால் தனியாக மிஞ்சினால் வாதத்தைக் கூட்டும். வாதத்தை அடக்குவது எது? பூண்டும் எண்ணெயும்! நம் நூல்களைப் படிக்காத பூலியா கிழவி, அனுபவத்தால் அதையே செய்திருக்கிறாள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கில் கசப்புப் பட்டதால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாது. கீரையின் நார்ச்சத்து மாவுச்சத்தோடு சேர்ந்து போகும்போது சர்க்கரை நிதானமாக ஏறுகிறது. கீரை கூடினால் தட்டில் மாவும் குறைகிறது. பலன் அங்கேதான். பாஸ்தாவும் மாவுதான், மறக்காதீர்கள். நான்கு பேருக்கு 200 கிராம் பாஸ்தா, ஒரு கிலோ கீரை என்பது என் கணக்கு. ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் போதும். சைவர்கள் நெத்திலியை விட்டுவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், கீரையைத் திடீரென்று கூட்டும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாஸ்தாதான் வேண்டுமென்பதில்லை. சுண்டைக்காயோ, வேப்பம்பூவோ, முள்ளங்கிக் கீரையோ, தட்டிலேயே அதற்கு ஓர் இடம் கொடுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதை எத்தனை நாளைக்குத் தொடர முடியும்? ருசித்துச் சாப்பிட்டால்தான் ஆயுசுக்கும் கூட வரும்.