கெராங்கையும் சோதியுங்கள், முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

பினாங்கில் சார் குவே தியாவ் பிரட்டுபவர்கள் கெராங் சிப்பியைக் கடைசியில்தான் வாணலியில் போடுவார்கள். அரைவேக்காட்டில்தான் ருசி என்பது எங்கள் ஊர்ப் பிடிவாதம். எனக்கும் அது உண்டு.

ஆற்றுமுகச் சேற்றில் தண்ணீரை வடிகட்டியே வாழும் உயிர் கெராங். ஆறு கொண்டுவரும் கிருமி அதன் சதையில் தங்கிவிடும். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது. அது வைரஸ். நம் கடலில் இயல்பாகவே வாழும் விப்ரியோ பாக்டீரியாவோ, கெராங்கில் பெரும்பாலும் ஆம்பிசிலின் என்ற ஆண்டிபயாட்டிக்குக்கு அடங்காத வகையாகவே கிடைக்கிறது என்று உள்நாட்டு ஆய்வாளர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள். திடமான உடம்பென்றால் வயிற்றுப்போக்கோடு போய்விடும், ஆண்டிபயாட்டிக்கே வேண்டாம். இனிப்புநீரோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு கிருமி ரத்தத்தில் ஏறினால், அது மருந்துக்குக் கேட்டே ஆக வேண்டும். நம் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு சொல்கிறது.

கால்நடைக்குக் கொடுக்கும் மருந்தும் கிருமிகளை அடங்காதவையாக்கும். கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாட்டிக்கை 2019இல் அரசு தடை செய்தது. அது நல்ல காரியம். ஆனால் கம்போங் செலாமாட் பன்றிப் பண்ணைக் கழிவு சுங்கை கெரே ஆற்றில் கலப்பதாக ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுகிறார்கள். 1970களில் பிறைத் தொழிற்சாலைக் கழிவால் மீன் இழந்த கோலா ஜூரு மீனவர்கள், பிழைப்புக்காகக் கையில் எடுத்ததே கெராங் வளர்ப்புதான். ஆற்றைக் கெடுத்தது யாரோ, பழி சுமப்பவர் வேறு யாரோ.

2016இல் தீபகற்ப மலேசிய இறாலை அமெரிக்கா துறைமுகத்திலேயே நிறுத்தியது. தடைசெய்யப்பட்ட ஆண்டிபயாட்டிக்குகளான நைட்ரோஃபியூரானும் குளோராம்ஃபெனிகாலும் அதில் இருந்தன. அவர்கள் தேடியது மருந்தின் எச்சத்தை. மருந்துக்கு அடங்காத கிருமியைத் தேடுவது வேறு சோதனை. சௌராஸ்தா சந்தையில் கூடை ஏந்தி நிற்பவருக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் தேவை.

நுண்ணுயிர்களின் மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் தேசியச் செயல்திட்டம் 2026இல் முடிகிறது. அடுத்ததில் கெராங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுமுகம் வாரியாகச் சோதித்து, முடிவைத் தமிழ் உட்பட எல்லா மொழியிலும் வெளியிடுங்கள். சுத்த நீர்த் தொட்டியில் வைத்தெடுத்தால் போதும் என்று யாராவது சொல்வார்கள்; மலக்கிருமி பெருமளவு போகும், விப்ரியோ அவ்வளவு எளிதில் போகாது. முடிவு வெளிவந்ததும் விலை விழுந்தால், சேற்றில் கெராங் அள்ளுபவருக்கு என்ன ஈடு என்பதையும் அதே திட்டத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுன் பயனீட்டாளர் ஒருவர்