திடநிலை பேட்டரி: அயனிகள் ஓடுகின்றன, ஆலைகள் காத்திருப்பது ஏன்?

புதுதில்லி: மின்சார வாகனங்களின் லித்தியம்-அயனி பேட்டரிகளில் இரு மின்முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்துவது, எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம். அதற்கு மாற்றாகத் திட மின்பகுளியைப் பயன்படுத்தினால் தீ அபாயம் குறையும். லித்தியம் உலோகத்தையே எதிர்மின்முனையாக்கி, அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கவும் வழி பிறக்கும்.

திடப்பொருளில் அயனிகள் மெதுவாகவே நகரும் என்ற கருத்து 2011-இல் தகர்ந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ரியோஜி கன்னோ குழுவினர், டொயோட்டாவுடன் இணைந்து, லித்தியம், ஜெர்மானியம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை சேர்ந்த பொருளில் சென்டிமீட்டருக்கு 12 மில்லிசீமென்ஸ் கடத்துதிறனை அறை வெப்பநிலையிலேயே எட்டினர். இது திரவ மின்பகுளிக்கு நிகரானது. விலைமிகுந்த ஜெர்மானியத்துக்குப் பதிலாக சிலிக்கானையும் சிறிதளவு குளோரினையும் சேர்த்தபோது, 2016-இல் அது 25 ஆக உயர்ந்தது.

எனவே, இன்றைய தடை கடத்துதிறன் அன்று. சல்பைடு வகைப் பொருள்கள் ஈரக்காற்று பட்டவுடன் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. ஈரம் நீக்கிய அறைகளில்தான் அவற்றைக் கையாள இயலும். கடலோர ஆலைகளுக்கு இது சிறிய செலவன்று.

மற்றொரு வகை ஆக்சைடு. லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் கலந்த கார்னெட் வகைப் பொருளை 2007-இல் அறிவித்தவர்கள் இராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் வெப்னர் ஆகிய மூவர். லித்தியம் உலோகத்துடன் அது எளிதில் வினைபுரிவதில்லை. ஆனால், 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டெடுக்கும்போது லித்தியம் ஆவியாகிக் குறைகிறது. கடினமான பொருள் என்பதால் மின்முனையுடன் முழுமையாக ஒட்டுவதும் இல்லை. வேகமாக மின்னேற்றும்போது அதன் மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைகளில் ஊசிபோல் லித்தியம் வளர்ந்து, குறுக்குச் சுற்றை ஏற்படுத்துகிறது. டான்டலம் போன்ற தனிமங்களைச் சேர்த்துக் கடத்துதிறனை 1 மில்லிசீமென்ஸ் அளவுக்கு உயர்த்தியும் இந்தச் சிக்கல் தீரவில்லை.

மேம்பட்ட பேட்டரி உற்பத்திக்காக 2021-இல் ரூ.18,100 கோடி ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதன் இலக்கு 50 ஜிகாவாட்-மணி உற்பத்தித் திறன். மின்பகுளிக்கான மூலப்பொருளைத் தூய்மைப்படுத்தும் தொழிலுக்கும் இணையான கவனம் தேவை. லாந்தனம் அடங்கிய மோனசைட்டும், சிர்கோனியம் தரும் சிர்கானும் கேரளம், தமிழகம், ஒடிஸா கடற்கரை மணலில் உள்ளன.

ஜப்பானில் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான இடெமிட்சு, துணைப்பொருளாகக் கிடைக்கும் கந்தகத்திலிருந்து லித்தியம் சல்பைடு தயாரிக்கிறது. 2027-28-இல் திடநிலை பேட்டரியை வணிகத்துக்குக் கொண்டுவர டொயோட்டாவுடன் 2023-இல் கைகோத்தது. அதே கந்தகம் இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் துணைப்பொருளாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.