நாவறுத்து மேடையேற்றுவதா?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801ஆம் ஆண்டிற் கும்பினிப் படை இடித்துத் தரைமட்டமாக்கிற்று. வெள்ளையர் ஏடுகளிற் கட்டபொம்மன் அடங்காப் பாளையக்காரன் மட்டுமே. 16.10.1799 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவனை அதன்பின் சாகவிடாமற் காத்தவர் யார்? பள்ளிப் பாடநூலாரா? காப்பியம் பாடும் புலவரா? எழுத்தறியாத் தென்பாண்டி நாட்டான் பாடிய கதைப்பாடலும் கும்மியும் கூத்துமே யன்றோ! அவன் வீட்டுமொழி தெலுங்கு. அவனை வாழவைத்ததோ கரிசற்காட்டுத் தமிழ்.

அப்பாட்டை மேடைக்குக் கொணர்வோர் முதற்கண் செய்யும் வேலை அதன் நாவை அறுப்பதே. நாவறுப்போர் இருவகையர். ஒருவகையார் சண்டையை 'யுத்தம்' ஆக்குவர். படையைச் 'சைனியம்' ஆக்குவர். கம்மாயைத் 'தடாகம்' ஆக்குவர். கான்சாகிபு சண்டை என்று மக்களே பெயரிட்டுப் பாடியிருக்க, யுத்தம் எதற்கு? இவர்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொரு வகையார் தமிழ்ப்பற்றாளரே. அதுதான் நெஞ்சை அறுக்கின்றது. 'கொச்சை' என்று முகஞ்சுளித்து, வெள்ளாமையை 'வேளாண்மை' என்றும், அவுகளை 'அவர்கள்' என்றும் இவர்கள் திருத்துகின்றனர். நோக்கம் நன்று, விளைவோ கேடு. செய்யுட்குரிய சொல் நான்கென வகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வடசொல்லுக்கோ வடவெழுத்தைக் களைந்து வருக என்றே வழிவிட்டார். ஆசான் உள்ளே அமர்த்தியதை மாணவன் வெளியே தள்ளுவதா?

அவுக என்பதையே எண்ணிப் பார்க்க. கரிசற்காட்டு உழவன் தன் தலைவனை 'அவுக' என்பான். தண்டல் கேட்டு வந்த வெள்ளையனை 'அவன்' என்பான். அன்பும் பகையும் அவ்விரு சொல்லிலேயே முடிந்துவிடும். இருவரையும் 'அவர்' ஆக்கிய மேடையில் அவ்விரண்டையும் காட்ட அரைமணி நேரச் சொற்பொழிவு வேண்டியதாகின்றது.

இன்னுங் கொடிது கும்பினிக்கு நேர்ந்தது. அயற்சொல் என்று அதனை நீக்கி 'வணிகக் குழுமம்' என எழுதுவாரும் உளர். அயற்சொல்லைத் தமிழன் தன் பேச்சில் ஏற்பது வேறு. வந்தேறிக் கொள்ளையன் பெயரைச் சொல்லிக் காறி உமிழ்வது வேறு. கும்பினி, பீரங்கி என்னும் போதே அந்நியன் அந்நியனாய் நிற்கின்றான். அவன் பெயரை மொழிபெயர்த்து அவனுக்குத் தமிழ்ப் போர்வை போர்த்துவது எவ்வகைத் தூய்மை?

சக்தி கிருட்டிணசாமி எழுத, சிவாசி நாடக மன்றம் 1957இல் அரங்கேற்றி, 1959இல் திரைப்படமாகவும் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தமிழர் செவிக்கு விருந்தளித்தது. சாக்சன் முன் அவன் நிமிர்ந்து பேசுங் காட்சியைத் தெருச்சிறுவரும் நடித்துக் காட்டினர். அதனைப் பழிப்பார் இலர். ஆயின் அங்கே முழங்கியது அரசவைத் தமிழ். கதைப்பாடலிற் பேசுவது ஊர். பாடகன் வாயிலாகத் தாயும், ஒற்றனும், வேலேந்திய பெயரிலியும் மாறிமாறிப் பேசுவர். நாடகத்தில் பாடகனுக்கு இடமின்றிப் போயிற்று. அதன்பின் எழுதினோர் பலர் அக்குறையையே நிறைவாகக் கொண்டு, உரத்த குரலொன்றே மறம் என்று மயங்கினர்.

பனுவல் கிட்டவில்லை என்னுஞ் சாக்கும் இல்லை. நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடலும் கான்சாகிபு சண்டையும் 1970களிலேயே மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாய் அச்சேறிவிட்டன. மேடையிற் பாடகனை நிறுத்த வில்லுண்டு, உடுக்கையுண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரனும் உண்டு. நகரத்து நடிகர்க்கு அச்சொற்களின் பொருளையும் ஒலிப்பையும் கற்பிப்பதே புலவர்க்குரிய பணி, அழிப்பது அன்று. நாடகம் எழுதி முடித்தவர், அரங்கேற்றுமுன் ஓட்டப்பிடாரம் பக்கத்து முதியவர் நால்வரை அமர்த்தி அதனைப் படித்துக் காட்டுக. அவர்கள் எவ்விடத்திற் கொட்டாவி விடுகின்றனரோ அவ்விடத்தைத் திருத்துக.