முதலில் நிற்கட்டும், அப்புறம் பறக்கட்டும்!



ஆட்டோமொபைல் பிரிவு மாணவன் எவனைக் கேட்டாலும் அவன் மனசுக்குள்ளே ஒரு ரேஸ் கார் ஓடிக்கொண்டிருக்கும். தப்பில்லை. எனக்கும் ஓடியது; டிப்ளமோ முடித்து, வொர்க்‌ஷாப்பில் கை கறுத்த பிறகும் ஓடுகிறது. "ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடின காரை வாங்கி டிராக் காராக மாத்த முடியுமாண்ணே?" என்று தம்பிகள் கேட்பதுண்டு. முடியும். ஆனால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை ஹெச்.பி. ஏத்தலாம்?" அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. என்னைக் கேட்டால் முதல் ரூபாய் பிரேக்குக்கும் ஆயிலுக்கும் தண்ணீருக்கும் போக வேண்டும். பவருக்கு மிச்சமிருந்தால் கடைசி ரூபாய்.

வீட்டுக் காரைப் பந்தயக் காராக்குவது நம் மாநிலத்துக்குப் புதுசு இல்லை. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தியது. அங்கே சீறிய கார்களில் பல, ரோட்டில் ஓடிய பியட்டும் ஹெரால்டும்தான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் கரிவரதன் செய்ததைப் பாருங்கள். மாருதி 800-ன் 796 சி.சி. இஞ்சினை, கீரைக்கட்டு வாங்கப் போகிற வண்டியின் இஞ்சினை, ஒற்றை சீட் பந்தயக் காரில் வைத்து 'பார்முலா மாருதி' என்று ஒரு பிரிவையே உண்டாக்கினார். 1995-ல் சிறிய விமான விபத்தில் அவர் இறந்து போனார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளிநாட்டு இஞ்சின் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைத் தம்பிகள் கவனிக்க வேண்டும்.

மேல்நாட்டில் இந்த வேலைக்கு மாஸ்டா மியாட்டா என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைத் தேடிப் பிடிப்பார்கள். 1989-ல் வந்த வண்டி. நமக்கு அது கைக்கு எட்டாது. நம்ம ஊர் மியாட்டா என்று நான் சொல்வது மாருதி எஸ்டீமை. சென்னைத் தடத்தில் அதற்கென்றே தனிப் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1298 சி.சி., பின்னாளில் வந்த பதினாறு வால்வு மாடலில் சுமார் 85 ஹெச்.பி., எடை 900 கிலோவுக்குள். 2007-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் இதே குடும்பத்து 1.3 இஞ்சின் ஜிப்ஸியிலும் ஓடியதால், சாமான் கிடைக்காமல் தவிக்க வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அரை எம் வி ஸ்கொயர், முதலாமாண்டு பிசிக்ஸ்தான். டிரைவரோடு சேர்த்து 950 கிலோ. நேர்ப்பாதை முடிவில் 140 கிலோமீட்டர் வேகம், வளைவுக்கு முன் 60-க்குக் குறைக்க வேண்டும். குறைகிற சக்தி ஏறத்தாழ 5.9 லட்சம் ஜூல். இதை நான்கு செகண்டில் செய்தால் பிரேக் வாங்குகிற வேலை 200 குதிரைச் சக்தியை நெருங்குகிறது. இஞ்சின் கொடுப்பது 85; பிரேக் தின்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அதுவும் ஒரு சுற்றில் பலமுறை. இப்ப சொல்லுங்க, எதை முதலில் கவனிக்கணும்?

அந்தச் சக்தி எல்லாம் சூடாக மாறி டிஸ்க், பேட், காலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு வருகிறது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. டாட் 4 என்றால் 230. இது டப்பாவைத் திறந்த அன்றைய கதை. பிரேக் ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் ஏறிய டாட் 3-க்கு வரையறுத்த அளவு 140 டிகிரிதான். வருஷக் கணக்கில் மாற்றாத ஆயிலோடு தடத்தில் இறங்கினால் நான்காவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ அது கொதிக்கும். ஆவி அழுங்கும், திரவம் அழுங்காது. பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. புது ஆயில், சூடு தாங்குகிற பேட், விரிசல் விடாத ஹோஸ், காற்று எடுத்த லைன். இதற்கு ஒரு சைலன்சர் விலைகூட ஆகாது. ஆனால் சத்தம் வராதே, பார்க்கிறவன் திரும்பிப் பார்க்க மாட்டானே!

அடுத்தது ஆயில். ரோட்டில் வருஷக்கணக்கில் அசையாத இஞ்சின் தடத்தில் ஒரே நாளில் பேரிங் போய் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நீண்ட வளைவில் கார் திரும்பும்போது சம்ப்பில் உள்ள ஆயில் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். குடத்துத் தண்ணீரோடு வேகமாகத் திரும்பிப் பாருங்கள், தெரியும். ஸ்டிரெய்னர் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். கிராங்க் பேரிங்குக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய ஆயில் படலம் அந்த ஒரு கணத்தில் அறுந்தால் போதும். தேய்ந்து இடைவெளி கூடிய பழைய இஞ்சினில் ஆயில் பிரஷர் ஏற்கெனவே குறைவு. அதற்கு மன்னிப்பே கிடையாது. பரிகாரம் பெரிய விஞ்ஞானம் இல்லை. சம்ப்பைக் கழற்றி, ஸ்டிரெய்னரைச் சுற்றித் தகட்டில் தடுப்பு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். ஷீட் மெட்டல் பிராக்டிகலில் டிரே செய்து மார்க் வாங்கிய எந்த மாணவனும் செய்யலாம். கூடவே டேஷ்போர்டில் ஒரு ஆயில் பிரஷர் மீட்டர். சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். அது எரிகிற நேரத்தில் காரியம் முடிந்திருக்கும்.

நம்ம சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் ஒரு துளி மாறினாலும் தறியை நிறுத்திவிட்டுக் கையை வைத்துப் பார்ப்பார்கள். எந்த புஷ் சூடு, எங்கே எண்ணெய் இல்லை என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்க ஓட வேண்டிய இயந்திரத்தோடு வாழ்கிறவர்களின் புத்தி அது. டிராக் கார் கட்டுகிறவனுக்கு அந்தப் புத்திதான் வேண்டும். பந்தய சினிமா பார்த்து வருகிற புத்தி போதாது.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே படிந்துபோன ரேடியேட்டரைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள். ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட் எல்லாம் ஒரே கையோடு. ரேடியேட்டர் மூடியை மறக்காதீர்கள். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வீல் பேரிங், பால் ஜாயிண்ட், இஞ்சின் மவுண்ட்டுக்கும் வயது பார்க்க வேண்டும். பின் சீட்டையும் தரைவிரிப்பையும் கழற்றி எடை குறைப்பதற்குக் காசே வேண்டாம்.

ரோல் கேஜ் மட்டும் வேறு ஜாதி வேலை. கேட் கிரில் அடிக்கிற பைப்பையும் வெல்டிங்கையும் கொண்டுவந்து உள்ளே ஒட்டினால் கார் உருளும்போது அதுவே தலையில் அடிக்கும். பைப்பின் கனம், வகை, பொருத்துகிற இடம் எல்லாம் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் விதிப்படி இருக்க வேண்டும். சீட் பெல்ட், தீயணைப்பான், ஹெல்மெட் இவற்றிலும் சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். இப்படி மாற்றிய காரை ராஜபாளையம் ரோட்டிலோ திருநெல்வேலி ரோட்டிலோ ஓட்டிப் பார்க்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், சாயங்காலம் அந்த ரோட்டில் டிராக்டர் வரும், ஆட்டு மந்தை வரும், பூக்கூடையோடு சைக்கிளில் ஆள் வருவார். நம் வயதுப் பையன்கள் பைக்கில் போட்டி போட்டு அதே ரோட்டில் விழுந்த வீடுகளுக்கு நாம் துக்கம் கேட்கப் போயிருக்கிறோம். வேகம் பிடித்தவனுக்கு "மெதுவாகப் போ" என்று புத்தி சொல்லிப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். அவனுக்குச் சுவர் கட்டிய, ஆம்புலன்ஸ் நிற்கிற ஒரு தடத்தைக் காட்ட வேண்டும். கோவை ஒரு ராத்திரிப் பயணம்தான். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கை: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு பழைய எஸ்டீமை வாங்கப் பணம் திரட்டுங்கள். ஆட்டோமொபைல் பிரிவு இஞ்சினைப் பார்க்கட்டும், மெக்கானிக்கல் பிரிவு சம்ப்பையும் பிராக்கெட்டுகளையும் செய்யட்டும், எலக்ட்ரிக்கல் பிரிவு மீட்டர்களையும் மெயின் கட்-ஆப் சுவிட்சையும் இழுக்கட்டும். ஒரு பேட்ச் ஆரம்பித்ததை அடுத்த பேட்ச் தொடரலாம். இரண்டாவது வருஷம் தடத்துக்குப் போனால் போதும், அவசரமில்லை. கார் வருவதற்கு முன்னே ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் வாங்கிய தேதி, ஓடிய கிலோமீட்டர், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கம்ப்ரஷன் ரீடிங்.