எருவும் ஈடும்

எண்ணெய் ஊறிய நிலமா? மாட்டெருவைக் கொட்டி உழுங்கள், மண் தானே தேறிவிடும் என்று உபதேசிப்போர் பெருகிவிட்டனர். அவர்கள் கூறுவதில் பாதி உண்மை. அந்தப் பாதியே குற்றவாளிக்குப் புகலிடமாகிறது.

டீசல் பட்ட மண்ணில் மிளகாய் மஞ்சளித்து நிற்பது ஏன்? எண்ணெய் மண்ணின் காற்றுவழிகளை அடைக்கிறது. நீரை ஒட்டவிடாது தடுக்கிறது. அதனைத் தின்னும் பற்றீரியாக்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துக்கொள்வதால் வேர் பட்டினி கிடக்கிறது. மக்கிய எரு நைதரசனையும் பொசுபரசையும் ஊட்டுகிறது. புதிய நுண்ணுயிர்களையும் கொண்டுவருகிறது. ஈரம் காயாது காத்து, அடிக்கடி கிளறிக் காற்றூட்டினால் மாதக்கணக்கில் டீசல் சிதையும். ஆனால் மின்னிலையங்கள் எரிக்கும் கனத்த உலையெண்ணெய் அவ்வளவு எளிதில் போகாது. கழிவெண்ணெயிற் கலந்த ஈயமோ எந்தச் சாணத்துக்கும் சிதைவதில்லை. நிலத்தடி நீரில் இறங்கிய எண்ணெயை மேலே கொட்டிய எரு எட்டிப்பார்ப்பதுமில்லை.

சுன்னாகத்தில் நடந்தது இதுதான். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் வாழும் தில்லையடியில், யாழ்ப்பாணத்துக் கிணறு அயலூர்ச் செய்தியன்று. சுன்னாகம் மின்னிலையத்துக் கழிவெண்ணெய் சுண்ணாம்புப் பாறை வழியே கிணறுகளை அடைந்தது. 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ண் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா ஈடு செலுத்தப் பணித்தது. கெடுத்தவனே செலவேற்க வேண்டும் என்னும் நெறி இத்தீவில் உரக்கச் சொல்லப்பட்டது. நன்று. அந்நெறி தோட்டத்தில் விழும் கடைசிக் கூடை எருவரை செல்ல வேண்டாமா?

சேதனப் பசளையின் பெயரால் உழவன் தலையில் சுமையேற்றுவது நமக்குப் புதிதன்று. 2021இல் ஓர் ஆணையால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்கினார்கள். எருவின் மீது எனக்குப் பகையில்லை. எருவை மந்திரமாக்கி, மந்திரத்தின் செலவை ஏழையிடம் வாங்குவதே என் வழக்கு.

நம் கற்பிட்டி மணலும் எதையும் தேக்கிவைக்காத மண், கிணறோ ஆழமற்றது. நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து சொட்டிய எண்ணெயை உழவன் தானே அள்ளி அகற்றி எருவிடட்டும். அது அவன் வேலை. தொழிற்கூடம் கெடுத்த நிலத்திலோ மண்ணையும் நீரையும் சோதிக்கும் செலவு, எருவின் விலை, கிளறும் கூலி, பயிரிட முடியாத போகங்களின் வருமானம் ஆகிய யாவும் அத்தொழிற்கூடத்தின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். சோதனை முடிவு கைக்கு வருமுன் அம்மண்ணில் ஒரு வெங்காயமும் நடச் சொல்லக் கூடாது.