கடலோடியின் உடை

உடையென்பது மானங் காத்தற்கும் மேனியை அழகு செய்தற்குமே உரியதெனக் கரையில் வாழும் நாம் எண்ணிவிடுகின்றோம். பாய்ப்படகேறிக் குளிர்கடலிற் செல்வோர்க்கோ அஃது உயிர்காக்குங் கவசமாகும். அக்கவசத்தைத் தேர்ந்தெடுக்குங்கால் விலையும் விளம்பரமும் வழிகாட்டலாகா, தேவையே வழிகாட்டல் வேண்டும் என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சுருங்க உரைக்க முற்படுகின்றோம்.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் கௌஸ் துறையினின்றும் 303 படகுகள் புறப்பட்டு, அயர்லாந்தின் தென்பாலுள்ள பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்திற் கலந்துகொண்டன. இடைவழியிற் பெரும்புயல் தாக்கவே, பந்தயத்திற் சென்றோருள் 15 பேர் மாண்டனர். அலையோடு குளிரும் சேர்ந்து கூற்றாயிற்று. நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவரவல்லது. சூடிழந்தார்க்குக் கைகள் சோரும், அறிவு மழுங்கும், கயிற்றைப் பற்றவேண்டிய நேரத்திற் பற்ற இயலாது போம். ஆகவே, நனையாதிருத்தலைச் சுகபோகமென்று இகழ்தல் பொருந்தாது.

முன்னாளில் மாலுமிகள் எண்ணெய் ஊட்டிய துணியை அணிந்தனர். 1823-இல் ஸ்காத்லாந்து இரசாயன அறிஞர் சார்லஸ் மக்கின்டாஷ், நாப்தாவிற் கரைத்த ரப்பரை இரு துணிகட்கிடையே பூசி, நீர்புகா ஆடைக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் நார்வே நாட்டுக் கப்பற்றலைவர் ஹெல்லி யூவெல் ஹான்சன் ஆளிவிதை எண்ணெய் தோய்த்த உடைகளை விற்கத் தொடங்கினார். இவை மழையைத் தடுத்தன. வியர்வையையும் உள்ளே அடைத்தன. பாயை இழுத்து வியர்த்தவன் தன் வியர்வையாலேயே நனைந்து நடுங்கினான். 1969-இல் ராபர்ட் கோர் என்னும் அமெரிக்கர், டெஃப்லான் எனப்படும் பொருளைச் சூடேற்றி விரைந்திழுத்து, நுண்டுளைகள் நிறைந்ததாக்கும் வழியைக் கண்டார். அதனாலாய சவ்வு 1976 முதல் 'கோர்-டெக்ஸ்' என்னும் பெயரால் ஆடையிற் புகுந்தது. நீர்த்துளி நுழையமாட்டாத அத்துளைகளின் வழியே நீராவி வெளியேறும்.

எனினும், அச்சவ்வை மாயவித்தையெனக் கருதுதல் தவறு. உள்ளிருக்கும் ஆவி வெளிக்காற்றிலுள்ளதினும் மிக்கிருந்தாலன்றி வெளியேறாது. எனவே, வெப்பமும் ஈரமும் மிக்க கடற்காற்றில் அதன் பயன் குறையும். மேற்றுணி நீரூறினும், உப்புப் படியினும் அவ்வாறே. நன்னீரில் அலசாது மடித்துவைத்துப் பின்னர், "கோட்டு ஒழுகுகிறது" என்று குறைகூறுவாருளர். பல வேளைகளில் அவர் உணரும் ஈரம் அவர்தம் வியர்வையே. மேலும், மேனியை ஒட்டியிருப்பது பருத்தியாடையாயின், எத்துணை விலையுயர்ந்த கோட்டும் பயன்படாது. பருத்தி ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். கம்பளியோ செயற்கையிழையோ உள்ளே அமைதல் வேண்டும்.

விற்போர் கூறும் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்பன, துணி எத்துணை உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் குறிப்பன. ஆவி செல்லும் அளவைக் கூறும் எண்ணோ சோதனை முறைக்கேற்ப மாறுவதால், இரு நிறுவனத்தார் எண்களை ஒப்பிட்டு முடிவு செய்தல் கூடாது. தையல்வாய்கள் உட்புறம் நாடாவொட்டி அடைக்கப்பட்டனவா, மணிக்கட்டில் உட்பட்டை இறுகுமா, கழுத்துப்பட்டை முகத்தை மறைக்க எழுமா, கால்சட்டை மார்புவரை உயருமா, முழந்தாளும் இருக்கையும் வலுவூட்டப்பட்டனவா என நோக்குக. உள்ளுடைகளின்மேல் அணிந்து, குந்தியும் கையுயர்த்தியும் பார்த்தே வாங்குக. நீலமும் வெண்மையும் அலையோடு மறையும். மஞ்சளும் செம்மஞ்சளும் தேடுவோர் கண்ணிற்படும். இவ்வுடை மிதவைச் சட்டைக்கு ஈடாகாது என்பதையும் மறவற்க.

இனி, எம் நெஞ்சை உறுத்துவதொன்று உண்டு. துணியின்மேல் நீர் உருண்டோடுமாறு பூசப்பட்டு வந்த புளோரின் கூட்டுப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாது நிலைப்பன. ஆதலின், கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2025 முதல் ஆடைகளில் அவற்றை விலக்கியது. ஆயினும், ஆழ்கடலிற் பாய்ப்படகு செலுத்துவோர் உடை போல்வனவற்றிற்கு 2028 வரை தவணை அளித்தது. இப்பாகுபாடு அறிவுடையதென்பேம். 2024 அக்டோபரிற் புறப்பட்டு 2025 மே மாதம் திரும்பிய நம் கடற்படையின் 'தாரிணி' பாய்க்கலத்தில், தில்னா என்பாரும் புதுச்சேரியைச் சார்ந்த ரூபா என்பாருமாகிய இரு பெண்மணிகளே ஹார்ன் முனையைச் சுற்றி உலகை வலம் வந்தனர். அத்தகையோர்க்கு ஆகச்சிறந்த காப்பினை மறுப்பார் யார்?

"கடல் நம்பத்தகாதது, ஆதலால் எல்லோரும் அதனையே அணிக" என்பாருமுளர். ஏரியில் ஒரு நாழிகை படகு செலுத்தி மீள்பவனுக்கு ஆழ்கடற் கோட்டு பாரமும் புழுக்கமுமேயன்றி வேறென்ன தரும்? புளோரின் கலவாத எளிய கோட்டொன்றை வாங்கி, அலசி உலர்த்திப் பேணினால் அவனுக்கு அதுவே போதும். கடலை விரும்பிச் செல்வோர் அக்கடலுக்கே கேடு சூழ்தல் தகுமோ? நண்பர்களே, எண்ணிப் பார்ப்பீராக.