கூகுளில் கிடைத்தால் நம்முடையதா?



நம்ம சுவரிதழுக்கு முன்னெல்லாம் படம் வேணும்னா பழைய பேப்பரை வெட்டி ஒட்டுவார்களாம். இப்போது அப்பாவின் செல்போனில் கூகுளில் தேடி, ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு ஒட்டுகிறோம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று இல்லை! காசு கொடுத்து வாங்கிய பேப்பரை வெட்டினால் அந்த ஒரு தாள்தான். புதிதாக நகல் எதுவும் எடுக்கவில்லை. பிரிண்ட் போடும்போதும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் நகல் எடுக்கிறோம். அந்த நகலுக்கு யாரைக் கேட்டோம்? இதுதான் என் கேள்வி.

"நெட்ல போட்டுட்டா அது எல்லாருக்கும் பொதுதானே?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். ரோட்டோரம் காயப்போட்ட மல்லாட்டை எல்லார் கண்ணுக்கும்தான் தெரியுது. அதுக்காக அள்ளிக்கிட்டுப் போவோமா? "மல்லாட்டையை அள்ளினா குறையும், போட்டோ குறையாதே" என்று உடனே மடக்குகிறார்கள். நல்ல கேள்விதான். போட்டோ குறையாது. எடுத்தவரோட பேர் குறையும், கூலி குறையும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு வந்தது. அதன்படி ஒருவர் போட்டோ எடுத்த உடனே உரிமை பிறந்துவிடும். எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. எடுத்தவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கும். கல்யாண வீட்டில் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. தானாகப் போய் எடுத்த படம் எடுத்தவருக்கு. பாடம் நடத்த டீச்சரும், பாடம் படிக்க நாமும் நகல் எடுத்துக்கொள்ள சட்டமே சலுகை தந்திருக்கிறது. ஆகவே பாட நோட்டில் ஒட்டிய படத்துக்காக யாரும் பயப்பட வேண்டாம்.

நம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை மாதம் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அன்றைக்கு யார் செல்போனைத் திறந்தாலும் ராஜகிரி மலைதான். கோட்டை நம் எல்லோருக்கும் பொது. ஆனால் கோட்டையை எடுத்த போட்டோ, விடியற்காலையில் மலை ஏறி எடுத்தவருடையது.

திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தாய்மாமா அப்படித்தான் மழை நின்ற ஒரு காலையில் போய் எடுத்தார். படத்தின் ஓரத்தில் ஸ்டுடியோ பேரும் போட்டிருந்தார். அது வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி, பேர் இருந்த ஓரம் வெட்டப்பட்டு, கடைசியில் விழுப்புரத்தில் ஒரு கடையின் ஃபிளெக்ஸ் பேனரில் வந்து நின்றது. மாமா போய்க் கேட்டதற்கு, "நெட்ல கிடைச்சது சார்" என்று சொல்லிவிட்டார்களாம். ஃபிளெக்ஸ் அடித்தவருக்குக் கூலி, கம்பம் நட்டவருக்குக் கூலி. படம் எடுத்தவருக்கு ஒரு நன்றிகூட இல்லை. "எல்லார் கையிலயும் செல்போன் வந்ததிலிருந்து ஸ்டுடியோவுக்கு வர்றவங்களே கம்மி. இருக்கிற பேரையும் வெட்டிட்டா எப்படிம்மா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அப்படின்னா எதுவுமே பொதுவாக இருக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். இருக்கலாம். அதற்கு வழிகாட்டியவரே நம்ம ஊர்க்காரர்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரைச் சேர்ந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது, 1949இல், பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியது. சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. பாரதியாரின் மனைவி செல்லம்மாள், மகள்கள், தம்பி விசுவநாதன் ஆகியோருக்குப் பணம் கொடுத்தது. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் பணம் வாங்காமலே கொடுத்தார். 1955இல் எல்லாம் மக்களுக்குப் பொதுவானது. இன்று யார் வேண்டுமானாலும் பாரதியார் பாட்டை அச்சடிக்கலாம், பாடலாம். அப்படிப் பொதுவான பிறகும் பாட்டுக்குக் கீழே "பாரதியார்" என்ற பேரை நாம் எடுத்துவிட்டோமா? இல்லையே!

ஒரு அரசாங்கமே கேட்டு வாங்கியிருக்கிறது. நாம் கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது?

இன்றும் தாமாகவே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விக்கிமீடியா பொதுவகம் என்ற தளத்தில் செஞ்சிக் கோட்டை படங்களே எத்தனையோ உண்டு. "என் பேரைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பலர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்திருக்கிறார்கள். கூகுளில் படம் தேடும்போதும் "கருவிகள்" என்ற இடத்தில் "பயன்பாட்டு உரிமைகள்" என்று இருக்கும். அதைத் தொட்டால் அப்படிப்பட்ட படங்கள் மட்டும் வரும்.

ஆகவே நம் சுவரிதழுக்கு என் யோசனைகள்:

1. முதலில் நாமே வரைவோம். நம் வகுப்பில் வரையத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?
2. வெளியிலிருந்து எடுத்தால் அனுமதி உள்ள படத்தை எடுப்போம். இல்லையென்றால் உரியவரைக் கேட்போம்.
3. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எடுத்தவர் பேர், எடுத்த இடம் இரண்டையும் எழுதுவோம்.
4. பேர் இருக்கும் ஓரத்தை எக்காரணம் கொண்டும் வெட்ட வேண்டாம்.

பேர் போட்டால் மட்டும் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. அதனால்தான் மூன்றாவதுக்கு முன்னால் இரண்டாவதை வைத்திருக்கிறேன்.

நாம் எழுதிய கவிதையை வேறொருத்தர் தன் பேரைப் போட்டு இதே சுவரில் ஒட்டினால் சும்மா விடுவோமா? தலைமையாசிரியர் அறை வரைக்கும் போவோம் இல்லையா? முகம் தெரியாத ஒருவருக்கும் அதே நியாயம்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

சிந்திப்போம்! கேட்டு எடுப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி